கைக்கெட்டும் இலக்கு: பள்ளிப் பணியாளர்க்குச் செயலிலக்கு வகுக்கும் அறிவியல்

தலைமையாசிரியர் அறை. மேசைமேல் ஒரு படிவம். அதில் "இவ்வாண்டின் செயலிலக்கு" என்று ஒரு கட்டம். கணக்காசிரியர் சிறிது எண்ணிப்பார்த்து, "என் வகுப்பின் தேர்ச்சியை 10 விழுக்காடு உயர்த்துவேன்" என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். தலைமையாசிரியரும் கையொப்பமிடுகிறார். தாள் கோப்புக்குள் போகிறது. ஓராண்டு கழித்தே அதை எடுத்துப் பார்க்கிறார்கள்.

இங்கிலாந்தின் பள்ளிகளில் இலையுதிர்காலந்தோறும் இத்தகைய படிவங்கள் நிரப்பப்படுகின்றன. 2012ஆம் ஆண்டின் ஆசிரியர் மதிப்பீட்டு விதிகள், அரசு பேணும் பள்ளிகளின் ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் மதிப்பீட்டுக் காலத்தின் தொடக்கத்திலேயே இலக்கு வகுக்க வேண்டும் என்கின்றன. 2013 செப்டம்பர் முதல் ஊதிய உயர்வையும் மதிப்பீட்டோடு பிணைத்தார்கள். பதினோராண்டுப் பட்டறிவுக்குப் பின், 2024 செப்டம்பரில் அந்தப் பிணைப்பு கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். இலக்கு வகுக்கும் வழக்கம் மட்டும் தொடர்கிறது. ஒரு நாடே தன் பள்ளிகளில் நடத்திப் பார்த்த இச்செய்முறை நம்முன் ஒரு வினாவை வைக்கிறது: பணியை உண்மையிலேயே உயர்த்தும் இலக்கு எது? படிவத்தை மட்டும் நிரப்பும் இலக்கு எது?

விடை உளவியலிலும் புள்ளியியலிலும் கல்வி வரலாற்றிலும் பரவிக் கிடக்கிறது. அவற்றைத் திரட்டிப் பார்த்தால் ஒரு நெறி புலப்படும். இலக்கைப் பணியாளரின் கைக்கெட்டும் செயலின்மேல் வைக்க வேண்டும். மாணவரின் தேர்ச்சியை, அச்செயல் பயன் தருகிறதா என்று காட்டும் அளவுகோலாக மட்டுமே கொள்ள வேண்டும். இவ்விரண்டும் இடம் மாறினால் நல்ல பள்ளியும் நலிவுறும்.

மரவண்டிகள் கற்பித்த பாடம்

"உன்னால் இயன்றதைச் செய்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, தெளிவானதும் சற்றுக் கடினமானதுமான ஓர் இலக்கைக் காட்டினால் மாந்தர் மிகுதியாகச் செய்துமுடிக்கின்றனர். அமெரிக்க உளவியலறிஞர் எட்வின் லாக் 1968இல் முன்வைத்த கருத்து இது. அதைப் பணிக்களத்தில் சோதித்துக் காட்டியவர் கேரி லேதம். 1975இல் வெளிவந்த அவரது ஆய்வு ஓக்லகோமா மாநிலத்தில் நடந்தது. காட்டிலிருந்து ஆலைக்கு மரம் கொண்டுசெல்லும் வண்டியோட்டுநர்கள், சட்டம் ஒப்பும் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடே ஏற்றிவந்தார்கள். அவர்களுக்கு 94 விழுக்காடு என்று ஓர் இலக்கு வைக்கப்பட்டது. எட்டினால் பரிசில்லை, எட்டாவிட்டால் தண்டனையுமில்லை.

முதல் திங்களில் அளவு 80ஐத் தொட்டது. இரண்டாம் திங்களில் 70க்கு இறங்கியது. தண்டனை இல்லையென்ற சொல் மெய்தானா என்று ஓட்டுநர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மெய்யென்று தெளிந்த பின் அளவு 90ஐக் கடந்தது, அந்நிலையிலேயே நின்றது. அதைவிடச் சிறப்பான செய்தி ஒன்றுண்டு. ஏற்றிய எடையைக் கண்ணால் இன்னும் சரியாக மதிப்பிடுவதற்காக, வண்டியின் முன்புறத் தாங்குகம்பத்தில் சிறு மாற்றம் வேண்டுமென்று ஓட்டுநர் சிலர் தாமாகவே முன்வந்து கேட்டார்கள். ஆணையின்றிப் பிறந்த அறிவு அது.

இலக்கு நான்கு வகையில் தொழிற்படுகிறது என்று லாக்கும் லேதமும் விளக்கினர். அது கவனத்தை ஒருமுகப்படுத்துகிறது, முயற்சியைத் தூண்டுகிறது, தளராமல் தொடரச் செய்கிறது, புதுவழி தேட வைக்கிறது. ஆயினும் இவை நிகழச் சில நிலைமைகள் வேண்டும். செய்பவர் இலக்கை மனமொப்பி ஏற்க வேண்டும். தாம் எங்கே நிற்கிறோம் என்பதை அவ்வப்போது அறிய வேண்டும். செயல் அவர் கையில் இருக்க வேண்டும். ஓட்டுநர்க்கு இவை மூன்றும் வாய்த்தன. எவ்வளவு மரம் ஏற்றுவதென்பது அவர் கையில் இருந்தது. எடைமேடை ஒவ்வொரு முறையும் விடை சொன்னது.

பள்ளி அத்தகையதன்று. மரம் பசியோடு வருவதில்லை, பிள்ளை வரும். மரம் நேற்றிரவு வீட்டில் நடந்த சண்டையை நினைத்துக்கொண்டிருப்பதில்லை, பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். வண்டியில் மெய்யான ஒன்றை வகுப்பறைக்கு அப்படியே கொண்டுவரலாகாது.

கற்குங்கால் எண் சுமையாகும்

இலக்கின் ஆற்றலுக்கு எல்லையும் உண்டு என்பதை ரூத் கான்ஃபர், ஃபிலிப் ஆக்கர்மன் ஆகிய இருவரும் 1989இல் காட்டினர். அமெரிக்க வான்படையின் பயிற்சியாளர்கள் விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் ஒரு பாவனைப் பணியைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். கற்கத் தொடங்கிய நிலையிலேயே "இத்தனை விமானம்" என்று எண்ணிலக்கு பெற்றவர்கள் பின்தங்கினார்கள். பணி கைவந்த பின் அதே வகை இலக்கு உதவியது. காரணம் எளிது. புதிதாகக் கற்பவரின் கவனம் முழுவதும் பணியைப் புரிந்துகொள்ளவே போதாது. அதில் ஒரு பங்கை எண் பறித்துக்கொண்டால் கற்றல் குன்றும். சிக்கலான பணியில் "இவ்வளவு எட்டு" என்பதைவிட, "இதைச் செய்ய நான்கு வழி கண்டுபிடி" என்னும் கற்றலிலக்கே பயன் மிக்கது என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதிசெய்தன.

இதன் பொருள் பள்ளிக்கு நன்கு பொருந்தும். முதலாண்டு ஆசிரியரிடம் தேர்ச்சி விழுக்காட்டை இலக்காகக் கொடுப்பது, நீந்தக் கற்கிறவர் கையில் கடிகாரத்தைக் கொடுப்பது போன்றது. அவர்க்கு வேண்டியது கற்றலிலக்கு. வினாக் கேட்டபின் விடைக்குக் காத்திருக்கப் பழகுதல், ஒரு பாடத்தில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழைகளைத் தொகுத்தல், தேர்ந்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் அமர்ந்து குறிப்பெடுத்தல் என்பன அத்தகையவை. இருபதாண்டு கற்பித்தவர்க்கு வேறு இலக்கு வேண்டும். ஒரே படிவம், ஒரே வரி, எல்லார்க்கும் என்பது அறிவியலுக்கு ஒவ்வாது.

விளைவுக்கு விலை வைத்தபோது

1862இல் இங்கிலாந்து அரசு பள்ளி நல்கைக்கெனத் திருத்திய விதித்தொகுப்பு ஒன்றைக் கொணர்ந்தது. அதை முன்னின்று இயற்றியவர் ராபர்ட் லோ. போதிய நாள் வந்த பிள்ளை ஒன்றுக்கு 8 ஷில்லிங் நல்கை. படிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் ஒன்றில் தவறினாலும் அதில் மூன்றிலொரு பங்கு, அஃதாவது 2 ஷில்லிங் 8 பென்ஸ், கழிக்கப்படும். ஆண்டுக்கொருமுறை ஆய்வாளர் வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சோதிப்பார். பள்ளியின் வாழ்வு அந்த ஒரு நாளில் அடங்கியது.

விளைவு என்ன? காசு தரும் மூன்று பாடங்கள் வீங்கின, மற்றவை மெலிந்தன. பிள்ளைகள் பாடநூலை உருப்போட்டார்கள். பார்த்துப் படிக்கத் தெரியாத பிள்ளையும் சொல்லிமுடித்தது. பள்ளி ஆய்வாளராகப் பணிபுரிந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு, கற்பித்தல் உயிரிழந்து பொறிபோல் ஆகிவிட்டதெனத் தம் அறிக்கைகளில் வருந்தி எழுதினார். 1890களில்தான் அம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டார்கள். நம் சென்னை மாகாணத்திலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேர்வு விளைவைப் பார்த்து நல்கை அளக்கும் முறை நடைமுறையில் இருந்தது. தேர்ச்சி விழுக்காட்டையே பள்ளியின் பெருமையாகக் காணும் நம் பழக்கத்திற்கு வயது மிகுதி.

ஒன்றரை நூற்றாண்டு கடந்து, அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் அதே நோய் முற்றிய வடிவில் தோன்றியது. ஜார்ஜியா மாநிலம் அமர்த்திய புலனாய்வாளர்கள் 2009ஆம் ஆண்டுத் தேர்வின் விடைத்தாள்களை ஆராய்ந்தார்கள். தவறான விடைகள் அழிக்கப்பட்டுச் சரியான விடைகள் குறிக்கப்பட்டிருந்தன. இயல்பில் நேரக்கூடிய அளவைவிட அத்தகைய திருத்தங்கள் மிகப் பலவாக இருந்தன. ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு நடந்திருந்தது. 178 கல்விப் பணியாளர்கள் அதில் தொடர்புடையவர்கள் என்று 2011இல் வெளிவந்த அறிக்கை கூறிற்று. ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே சென்ற தேர்ச்சியிலக்கும், அதை எட்டாவிட்டால் என்ன ஆகுமோ என்னும் அச்சமும் அதன் காரணங்களுள் தலையாயவை என அவ்வறிக்கை சுட்டியது. கற்பிக்கவென்று வந்தவர்கள் கையில் அழிப்பானை ஏந்தி நின்ற அந்தக் காட்சியை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

டொனால்ட் காம்பெல் என்னும் சமூக அறிவியல் ஆய்வறிஞர் 1970களிலேயே இதற்கு ஒரு விதி வகுத்திருந்தார். ஓர் அளவை வைத்துச் சமூக முடிவுகளை எடுக்க எடுக்க, அந்த அளவுகோலே கெட்டுப்போகும். அது அளக்கவந்த பணியையும் கெடுக்கும் என்பது அவ்விதி. வெப்பமானி காய்ச்சலைக் காட்டும் கருவி. வெப்பமானியின் எண் இறங்கினால் பரிசு என்று அறிவித்தால், காய்ச்சல் இறங்காது; கருவியைத் தண்ணீரில் தோய்க்கும் கைகள்தாம் பெருகும்.

எண்ணின் நடுக்கம்

நேர்மை குன்றாத பள்ளியிலும் தேர்ச்சி எண்ணைத் தனியொருவரின் இலக்காக்க இயலாமைக்குப் புள்ளியியல் காரணம் ஒன்றுண்டு. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை என்பது 3.3 விழுக்காடு. சென்ற ஆண்டு 27 பேர் தேறினர். அது 90 விழுக்காடு. இவ்வாண்டு தேர்வு நாளில் இருவர்க்குக் காய்ச்சல். 25 பேர் தேறினர். அது 83 விழுக்காடு. ஆசிரியரின் கற்பிப்பில் ஏதும் மாறவில்லை. எண் மட்டும் ஏழு படி சரிந்துவிட்டது.

இதைக் கணக்கிட்டும் காட்டலாம். ஒவ்வொரு பிள்ளையும் தேறும் வாய்ப்பு 90 விழுக்காடு என்று கொண்டால், முப்பது பேர் வகுப்பின் தேர்ச்சி தற்செயலாலேயே ஏறத்தாழ ஐந்தரை விழுக்காடு மேலும் கீழும் அசையும். 80க்கு அருகில் இறங்குவதும் வியப்பன்று. "10 விழுக்காடு உயர்த்துவேன்" என்னும் இலக்கில் பெரும்பகுதி இந்த நடுக்கத்திற்குள்ளேயே மறைந்துவிடுகிறது.

அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014இல் வெளியிட்ட கூற்று இன்னும் தெளிவானது. மாணவர் மதிப்பெண்களிடையே காணும் வேறுபாட்டில் ஆசிரியரால் விளைவது, பெரும்பாலான ஆய்வுகளின்படி, 1 முதல் 14 விழுக்காடு வரை என்று அது கூறிற்று. ஆசிரியர் வேண்டாதவர் என்பது இதன் பொருளன்று. ஒரு வகுப்பின் எண்ணைக் கொண்டு ஓர் ஆசிரியரை எடைபோடலாகாது என்பதே பொருள். இங்கிலாந்தின் ஆசிரியர் பணிச்சுமை அறிவுரைக் குழுவும் 2018இல் இதையே வலியுறுத்தியது: ஒரே மாணவர் குழுவின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஆசிரியரின் இலக்கையும் மதிப்பீட்டையும் அமைத்தல் கூடாது.

ஒரு பின்னமும் ஓர் இலக்கும்

அங்ஙனமாயின் நல்ல இலக்கு எப்படியிருக்கும்? கணக்காசிரியரின் படிவத்திற்குத் திரும்புவோம். அவர் வகுப்பில் ஒரு பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறது. தொகுதிகளைத் தனியே கூட்டி, பகுதிகளைத் தனியே கூட்டி, முழு எண்ணைக் கூட்டிய அதே வழியில் முடித்துவிட்டது. அரை அப்பம் கையில் இருக்க, மேலும் மூன்றிலொரு பங்கு கொடுத்தால், மொத்தம் அரையைவிடக் குறைந்துபோகுமா? 2/5 அரையைவிடச் சிறிது என்பது அப்பிள்ளைக்குத் தோன்றவில்லை. ஆண்டின் தேர்ச்சி எண் இந்தப் பிழையை ஒருநாளும் காட்டாது. பிள்ளையின் தாளே அதைக் காட்டும்.

இனி இலக்கை இவ்வாறு எழுதலாம்: "பின்னப் பாடங்கள் நடக்கும் காலமெல்லாம், வாரம் ஒருநாள் வகுப்பின் இறுதியில் இரண்டு வினாக்கள் கொடுத்துத் தாள் பெறுவேன். அன்று மாலையே பிழைகளை வகைப்படுத்துவேன். மறுநாள் முதல் 10 நிமிடம், மிகுதியாகக் கண்ட பிழையைத் தாள்கீற்றும் எண்கோடும் கொண்டு தெளிவிப்பேன். மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட தாள்களில் அதே பிழை தொடர்ந்தால், புதுப்பாடம் தொடங்காமல் அதையே வேறு வழியில் நடத்துவேன். பருவத்தில் மூன்று முறை உடன்பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் என் வகுப்பில் அமர்ந்து பார்ப்பார்."

இந்த இலக்கில் ஒவ்வொரு சொல்லும் ஆசிரியரின் கைக்குள் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவரால் இதைச் செய்ய முடியும். வாரந்தோறும் தாள்கள் அவர்க்கு எடைமேடையாகின்றன. பிழை குறைகிறதா என்பது அளவு. அது அவரை அச்சுறுத்தாது, வழிகாட்டும். "இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டியே வரையறுப்பதன் ஆற்றலை பீட்டர் கோல்விட்சர் நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அத்தகைய திட்டம் வகுத்தவர்கள் இலக்கை எட்டுவது குறிப்பிடத்தக்க அளவு மிகுந்திருந்தது.

மேலாண்மை நூல்களில் பரவலாக வழங்கும் "ஸ்மார்ட்" என்னும் ஐந்தெழுத்துச் சூத்திரத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1981இல் ஜார்ஜ் டோரன் அதை எழுதியபோது, நடுவெழுத்து "யார் செய்வது" என்பதைக் குறித்தது. பின்வந்தோர் அதை "எட்டத்தக்கது" என்று மாற்றிவிட்டார்கள். எல்லா இலக்கும் ஐந்து தகுதிகளையும் பெற்றிருக்க வேண்டியதில்லை என்று டோரனே சொல்லியிருந்ததும் மறந்துபோயிற்று. பள்ளிக்கு இன்றியமையாத வினா அந்த நடுவெழுத்தில்தான் இருந்தது. இது யாருடைய கையில் இருக்கிறது?

வகுப்பறைக்கு வெளியே

பள்ளி என்பது ஆசிரியரால் மட்டும் நடப்பதன்று. இங்கிலாந்துப் பள்ளிகளின் பணியாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆசிரியரல்லாதோர். கற்றல் துணைவர், ஆய்வக உதவியாளர், அலுவலக எழுத்தர், சமையலர் எனப் பலர்க்கும் இலக்கு வகுக்கப்படுகிறது. "ஆய்வகத்தைச் சிறப்பாகப் பேணுதல்" என்று ஆய்வக உதவியாளர்க்கு எழுதினால் அது வாழ்த்துரை, இலக்கன்று. "செய்முறை வகுப்புக்கு முதல்நாள் மாலைக்குள் அளவிகளைக் கழுவி, கசிவு பார்த்து, குறையுள்ளவற்றைப் பதிவேட்டில் எழுதிவைத்தல்" என்பது இலக்கு. அவர் வீடு திரும்பும்போது, இன்று செய்தோமா இல்லையா என்பதை அவரே அறிவார்.

இலக்கு இருபக்கமுடையது என்பதற்குக் கற்றல் துணைவர் பற்றிய ஓர் ஆய்வு சான்று. பீட்டர் பிளாட்ச்ஃபோர்டும் அவர் குழுவினரும் இங்கிலாந்திலும் வேல்சிலும் நடத்திய அப்பேராய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. துணைவரின் உதவியை மிகுதியாகப் பெற்ற பிள்ளைகள், ஒத்த நிலையிலிருந்த மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். அது துணைவரின் குற்றமன்று என்று ஆய்வாளர்கள் அழுத்திச் சொன்னார்கள். மிகவும் பின்தங்கிய பிள்ளையை ஆசிரியரிடமிருந்து பிரித்துத் துணைவரிடம் விட்டதும், பாடத்துக்கு முன் இருவரும் கலந்துபேச நேரம் ஒதுக்காததுமே காரணங்கள். துணைவர்க்கு "உரிய பிள்ளையின் முன்னேற்றம்" என்று இலக்கு எழுதிவிட்டு, ஆசிரியரோடு பேச அரைமணி நேரம் தராத பள்ளி, தன் கடமையை அவர் தோளில் ஏற்றிவிடுகிறது. ஆகவே ஒவ்வோர் இலக்கின் அருகிலும் இன்னொரு வரி எழுதப்பட வேண்டும். இதற்குப் பள்ளி என்ன தரும்?

மேசையின் இருபுறம்

இலக்கை யார் வகுப்பது, பணியாளரா, தலைமையாசிரியரா? இவ்வினா அறிஞரிடையே பெரும் பூசலை விளைத்தது. கூடிப்பேசி வகுத்தாலும் மேலிருந்து கொடுத்தாலும் பயன் ஒன்றே என்றார் லேதம். கொடுத்த இலக்கு பயன்படாது என்றார் இஸ்ரேலிய அறிஞர் மிரியம் எரெஸ். இருவரும் கைகோத்து, லாக்கை நடுவராக அமர்த்தி, சோதனைகளைக் கூடி வடிவமைத்தார்கள். முடிவு 1988இல் வெளிவந்தது. எரெஸின் முந்தைய சோதனைகளில் இலக்கு ஒரு சொல்லில் ஆணையாகக் கொடுக்கப்பட்டது. லேதத்தின் சோதனைகளில் ஏன் என்ற காரணத்தோடு, கனிவோடு கொடுக்கப்பட்டது. வேறுபாடு அங்கேதான் இருந்தது. காரணம் சொல்லப்பட்ட இலக்கை மாந்தர் ஏற்கின்றனர். காரணமற்ற ஆணையை உள்ளம் ஏற்பதில்லை. அறிஞர் இருவர் பகையின்றி உண்மை தேடிய அந்த முறையே தலைமையாசிரியர் அறைக்கு ஏற்ற பாடம்.

இலக்கு வகுத்தபின் கருத்துரைத்தலும் கவனத்திற்குரியது. அவ்ரகாம் க்ளூகரும் ஆஞ்செலோ டெனிசியும் 1996இல் 607 அளவீடுகளைத் தொகுத்தார்கள். கருத்துரை பொதுவில் செயலை உயர்த்தியது. ஆனால் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் அதைத் தாழ்த்தியது. சொல் பணியைவிட்டு ஆளை நோக்கித் திரும்பும்போது தீங்கு நேர்கிறது என்று அவர்கள் விளக்கினர். "உங்களுக்குப் பொறுமை போதாது" என்பது ஆளைத் தீண்டும் சொல். "வினாக் கேட்டதும் விடையையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள், பின்வரிசையில் ஒரு கை பாதி உயர்ந்து இறங்கியது" என்பது பணியைக் காட்டும் சொல்.

நன்முறையில் அமைந்த மதிப்பீடு ஆசிரியரை வளர்க்கும் என்பதற்கும் சான்றுண்டு. சின்சினாட்டி நகரப் பள்ளிகளில் ஒவ்வோர் ஆசிரியரின் வகுப்பையும் ஓராண்டில் நான்கு முறை பார்வையிட்டார்கள். அவற்றுள் மூன்றைப் பார்த்தவர், அதே நகரின் தேர்ந்த ஆசிரியர் ஒருவர். எரிக் டெய்லரும் ஜான் டைலரும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, பணியின் நடுப்பகுதியில் இருந்த ஆசிரியர்களிடம் கற்ற மாணவரின் கணக்குத் தேர்ச்சி, மதிப்பீடு முடிந்த பின்வந்த ஆண்டுகளிலும் உயர்ந்தே இருந்தது. பல்லாண்டு கற்பித்தவரும், தம் பணியை அறிந்த ஒரு கண் உடனிருந்து பார்த்தால், புதிதாகக் கற்கிறார்.

நிறைவாக

ஆதலால் படிவத்தின் கட்டத்தில் மூன்று இலக்குகளுக்கு மேல் வேண்டா. ஒவ்வொன்றும் செயலைச் சொல்லட்டும். ஏன் என்ற காரணம் அதன்கீழ் இருக்கட்டும். பள்ளி தரும் துணையும் எழுதப்படட்டும். ஆண்டில் மூன்று முறையேனும் அதை எடுத்து இருவரும் பேசட்டும். சூழல் மாறினால் இலக்கையும் மாற்றட்டும். தவறியதற்குத் தண்டனை இல்லையென்ற சொல் மெய்யாயிருக்கட்டும். அச்சொல் மெய்யென்று தெளிந்த பிறகே ஓக்லகோமாவின் வண்டிகள் நிறைந்தன.

அந்தக் கணக்காசிரியர் ஒரு வெள்ளி மாலையில் முப்பது சிறுதாள்களை மேசைமேல் பரப்பி, பிழைகளை வகைவகையாக அடுக்குகிறார். பகுதிகளைக் கூட்டிய தாள்கள் சென்ற வாரம் பதினான்கு, இன்று ஆறு. அந்த ஆறு பிள்ளைகளின் பெயர்களை அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதி, திங்கட்கிழமைக்கு ஆறு தாள்கீற்றுகளை வெட்டி எடுத்துவைக்கிறார். கோப்புக்குள் கிடக்கும் படிவத்தில் திருத்தி எழுதியதைத்தான் அவர் செய்துகொண்டிருக்கிறார். ஆயினும் அதை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை அவர்க்கு இல்லை.